உடன்படிக்கை ஜெபத்தை எழுதிய ‘ஆர்.ஏ.’ யார்?

கேள்வி: மன்னார்குடி வாசகர் ஒருவர், 04.01.2026, பிற்பகல்

இன்று காலை எங்கள் சபையில் வருஷத்தின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை, தேவனோடு செய்த உடன்படிக்கையை ஜெபமாகச் சொல்லிப் புதுப்பிக்கும் ஆராதனை. இந்த ஜெபத்தை எழுதியவர் ஜோசப் அலைன் என்று ஐயர் பிரசங்கத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்து அப்பாவின் பழைய நோட்டைப் புரட்டினால் ரிச்சர்ட் அலைன் என்று எழுதி வைத்திருக்கிறார். இணையத்தில் தேடினால் பாதிப் பேர் ஜான் வெஸ்லி என்கிறார்கள். மூன்றில் எது சரி? இந்த அலைன் எந்த ஊர்க்காரர்?

04.01.2026, இரவு

முதலில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியை விட்டுவிடுவோம். அவர் எழுதவில்லை, எழுதியதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. 1755 ஆகஸ்ட் 11, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில் முதல் உடன்படிக்கை ஆராதனையை நடத்தினார். ரிச்சர்ட் அலைன் என்ற பாக்கியவானின் வார்த்தைகளில் உடன்படிக்கையை வாசித்ததாக அவரே நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். சம்மதத்துக்கு அடையாளமாக எழுந்து நின்றவர்கள் சுமார் 1,800 பேர். பிறகு 1780-ல் அதைத் தனிச் சிறு நூலாக அச்சிட்டார்.

வெஸ்லி எடுத்தது ‘விண்டிசியே பியேட்டாடிஸ்’ என்ற நூலிலிருந்து. லத்தீன் தலைப்பு, பக்தி வாழ்வுக்கு ஆதரவாக எழுதிய வாதம் என்று பொருள் கொள்ளலாம். அதன் முகப்பில் முழுப்பெயர் கிடையாது, ‘ஆர்.ஏ.’ என்று இரண்டு எழுத்துதான். அந்த ஆர்.ஏ., சோமர்செட் மாவட்டத்தில் பேட்கம்ப் என்ற கிராமத்தின் குருவானவர் ரிச்சர்ட் அலைன். 1611 வாக்கில் பிறந்து 1681 டிசம்பர் 22 அன்று காலமானவர்.

ஆகவே உங்கள் அப்பா எழுதியதுதான் சரி, ஐயர் சொன்னது தவறு.

05.01.2026

ரிச்சர்ட் அலைனை நான்-கன்ஃபார்மிஸ்ட் என்கிறார்களே, அப்படியென்றால் யார் என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் உள்நாட்டுப் போரும் குடியரசும் முடிந்து, 1660-ல் இரண்டாம் சார்லஸ் அரசராகத் திரும்பினார். 1662-ல் சீர்மைச் சட்டம் வந்தது. ஜெபப்புத்தகத்தில் உள்ள அத்தனைக்கும் மனதார ஒப்புக்கொள்கிறேன் என்று ஒவ்வொரு குருவானவரும் சபை முன்னால் சொல்ல வேண்டும், பேராயர் கையால் அபிஷேகம் பெற்றிருக்க வேண்டும். கெடு ஆகஸ்ட் 24, பரிசுத்த பர்த்தொலொமேயு திருநாள். இணங்காதவர்களுக்கு வேலையும் போச்சு, வீடும் போச்சு. 1660 தொடங்கி இப்படி வெளியேறியவர்கள், பல்கலைக்கழகத்திலும் பள்ளிகளிலும் இருந்தவர்களைச் சேர்த்தால், ஏறத்தாழ இரண்டாயிரம் பேர். இவர்கள்தான் நான்-கன்ஃபார்மிஸ்டுகள், அதாவது இணங்காதவர்கள். மதம் மாறியவர்களோ நாத்திகர்களோ அல்ல, அதே சபையில் நேற்றுவரை திருவிருந்து கொடுத்தவர்கள்.

1665-ல் ஐந்து மைல் சட்டம். தான் ஊழியம் செய்த ஊருக்கு ஐந்து மைலுக்குள் இந்தக் குருவானவர் வரக்கூடாது. பேட்கம்ப்பில் இருபது வருஷம் இருந்த ரிச்சர்ட், கடைசிக் காலத்தை ஃப்ரூம் என்ற ஊரில் கழித்தது இதனால்தான். (எழுத்தைப் பார்த்து ஃப்ரோம் என்று வாசிப்போம். அந்த ஊர்க்காரர்கள் சொல்வது ஃப்ரூம்.)

வெஸ்லிக்கும் இது சொந்த வீட்டுக் கதை. அவருடைய தாத்தா, கொள்ளுத்தாத்தா, அம்மாவைப் பெற்ற தாத்தா சாமுவேல் ஆன்ஸ்லி, மூன்று பேருமே அந்தக் காலத்தில் வெளியேற்றப்பட்டவர்கள்.

06.01.2026

நேற்று எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். இந்த விஷயத்தில் நானே ஒரு தவறை அச்சில் ஏற்றியிருக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சபை மலருக்கு உடன்படிக்கை ஆராதனையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். ‘பேட்கம்ப் குருவானவர் ஜோசப் அலைன், சிறையில் வாடி 34 வயதில் மரித்தார், 1681’ என்று ஒரு வாக்கியம். 34 வயதில் போனவர் ஜோசப். பேட்கம்ப் ரிச்சர்டுக்கு உரியது, 1681-ம் அவருக்கு உரியது. இரண்டு ஆளை ஒரே ஆளாக ஒட்டியிருக்கிறேன். மூன்று இடங்களிலிருந்து குறிப்பெடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே ‘அலைன்’ என்று மட்டும் தலைப்புப் போட்டு வைத்ததால் வந்த வினை. பிறந்த வருஷத்தை எடுத்துக் கழித்துப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே பிடிபட்டிருக்கும். மலர் வந்து இரண்டு மாதம் கழித்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு, “தம்பி, 1681-ல் 34 வயசுன்னா 1662-ல் அவருக்குப் பதினைஞ்சுதானே? அந்த வயசுல எப்படிக் குருவானவரா இருந்தாரு?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியம் பிறகு இரண்டு சபைகளின் துண்டறிக்கையில் அப்படியே வந்ததைப் பார்த்தேன். அது இன்னும் உறுத்துகிறது.

08.01.2026

எத்தனை அலைன் என்று கேட்டீர்கள். எண்ணிப் பார்த்தால் குழப்பம் ஏன் என்று புரியும்.

ரிச்சர்ட் அலைன், டிச்சீட் ஊர்க் குருவானவர். இவர் அப்பா. ரிச்சர்ட் அலைன், பேட்கம்ப் ஊர்க் குருவானவர். இவர் மகன், நம் ஆள். டிச்சீட்டும் பேட்கம்ப்பும் அதே சோமர்செட்டில் சில மைல் தொலைவில் உள்ள ஊர்கள். தம்பி வில்லியம் அலைன், டார்செட்டில் பிளாண்ட்ஃபோர்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர், அவரும் நூலாசிரியர். ஜோசப் அலைன், வில்ட்ஷயரில் டிவைஸஸ் ஊர்க்காரர், டாண்டனில் ஊழியம் செய்தவர். ஜோசப்பின் அண்ணன் எட்வர்ட், அவரும் குருவானவர், இளவயதிலேயே போய்விட்டார். எட்வர்டைத் தேடினால் ஷேக்ஸ்பியர் காலத்து நாடக நடிகர் எட்வர்ட் அலைன்தான் வந்து நிற்பார். அவர் வேறு.

இதில் எழுத்துக்கூட்டல் வேறு. ஒரே ஆளை அலைன், ஆலன், அல்லின் என்று எப்படியும் எழுதுவார்கள். அந்தக் காலத்தில் பெயருக்கு நிலையான எழுத்து கிடையாது. நம் பத்திரப் பதிவில் ஒரே ஆள் சண்முகம், ஷண்முகம், சம்முகம் என்று மூன்று விதமாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

இவர்களைப் பற்றித் தேடுகிறவர்கள் முதலில் போகும் இடம் எட்மண்ட் காலமி தொகுத்த வெளியேற்றப்பட்டோர் பட்டியல். அதை 1934-ல் ஏ.ஜி. மேத்யூஸ் என்பவர் ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துத் திருத்தி வெளியிட்டார். பெயர்க் குழப்பம் அங்கேயும் விடாது. தொகுத்த காலமியின் அப்பாவும் எட்மண்ட் காலமி, தாத்தாவும் எட்மண்ட் காலமி, அந்த இரண்டு பேரும் பட்டியலில் இருக்கிறார்கள்.

என் அனுபவத்தில், பெயரை வைத்து ஆளைப் பிடிக்கப் போனால் வழுக்கிவிடும். ஊரைப் பிடிக்க வேண்டும். எந்த ஊர் சபை, எந்த வருஷம் வந்தார், அவருக்கு முன்னால் யார் இருந்தார், எப்படிப் போனார். ஒரு சபைக்கு ஒரு நேரத்தில் ஒரு குருவானவர்தான். பேட்கம்ப்பில் நம் ஆளுக்கு முன்னால் இருந்தவர் ரிச்சர்ட் பெர்னார்ட் (மறுபடியும் ஒரு ரிச்சர்ட்), அவரும் பியூரிட்டன் (இங்கிலாந்து சபையை இன்னும் சீர்திருத்த வேண்டும் என்றவர்), அவரும் நூலாசிரியர். அடுத்தது ஆக்ஸ்ஃபோர்ட் பதிவேடு. படிக்க வந்தவரின் ஊர், வயது, அப்பா யார் என்பது அதில் இருக்கும். ரிச்சர்ட் 1631-ல் பி.ஏ. அதே ஆக்ஸ்ஃபோர்டில் ஜோசப் 1653-ல் பி.ஏ. இருபத்திரண்டு வருஷ இடைவெளி, ஒரு முழுத் தலைமுறை. இதைப் பார்த்த பிறகு இரண்டு பேரையும் யாரும் குழப்பிக்கொள்ள முடியாது.

இங்கிலாந்து சபைக் குருமாரின் இணையத் தரவுத்தளம் ஒன்றும் இருக்கிறது, 1540 முதல் 1835 வரை. இலவசம். வெளியேற்றப்பட்ட பிறகு என்ன செய்தார் என்பது அதில் வராது, அதற்குக் காலமியிடம்தான் திரும்ப வேண்டும்.

09.01.2026

ஒரு திருத்தம், ஒரு எச்சரிக்கை.

ஆர்.ஏ.யின் நூல் எந்த வருஷம் என்று நான் முதல் குறிப்பில் சொல்லவில்லை. பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் 1660 என்று இருக்கிறது. அடுத்த வாக்கியத்திலேயே, கேன்டர்பரி தலைமைப் பேராயர் ஷெல்டன் அதற்கு அனுமதி மறுத்தார் என்றும் இருக்கிறது. ஷெல்டன் அந்தப் பதவிக்கு வந்தது 1663-ல். 1663 என்று வைத்தால்தான் எல்லாம் பொருந்துகிறது.

எச்சரிக்கை: அன்றைய இங்கிலாந்தில் புதுவருஷம் மார்ச் 25. ஆகவே பதிவேட்டில் ‘1641 மார்ச் 10’ என்றால் நம் கணக்கில் 1642. ரிச்சர்ட் பேட்கம்ப் வந்த வருஷம் ஒரு நூலில் 1641, இன்னொன்றில் 1642 என்று இருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம்.

11.01.2026, ஞாயிறு

ஆலயம் முடிந்து வந்து எழுதுகிறேன். அந்த நூலுக்கு நேர்ந்த கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. காலமி சொல்வது இது.

அனுமதி இல்லாமல் அச்சாகிவிட்டது, மளமளவென்று விற்கிறது. அரசரின் அச்சகர் ரோஜர் நார்ட்டன், உரிமம் இல்லாத நூல் என்று சொல்லி முதல் பதிப்பின் பெரும் பகுதியைப் பறிமுதல் செய்ய வைக்கிறார். தாள்கள் அரண்மனைச் சமையலறைக்குப் போகின்றன, அடுப்பு எரிக்க. இடையில் நார்ட்டன் சில பக்கங்களைப் புரட்டிப் பார்க்கிறார். இவ்வளவு நல்ல புத்தகம், இவ்வளவு விலைபோகிற புத்தகம், எரிப்பது பாவம் என்று தோன்றுகிறது. சமையலறையிலிருந்தே சல்லிசான விலைக்குத் தாள்களைத் திரும்ப வாங்கி, கட்டடம் போட்டுத் தன் கடையிலேயே விற்கிறார். புகார் போய்விடுகிறது. ஆலோசனைச் சபை முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். மீதிப் பிரதிகளின் பக்கங்களில் மை தோய்த்த தூரிகையால் இழுத்துப் பூசி, மறுபடி அடுப்புக்கே அனுப்ப உத்தரவு. அப்படி மை பூசியும் தப்பிய பிரதிகள் பிற்காலத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்திருக்கின்றன.

நாம் வருஷத்தின் முதல் ஞாயிறு நின்றபடி சொல்லும் வார்த்தைகள் அடுப்பங்கரைக்குப் போய்த் திரும்பி வந்தவை. இதை முதல் முறை வாசித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

இவ்வளவு ஆத்திரம் எதற்கு? உரிமம் ஒரு காரணம். இன்னொன்று என் ஊகம்: அந்தச் சொல். ‘உடன்படிக்கை’ என்றாலே அன்றைய ஆட்சியாளர்களுக்கு 1643-ன் அரசியல் உடன்படிக்கைதான் நினைவுக்கு வரும். பாராளுமன்றமும் ஸ்காட்லாந்தும் அரசருக்கு எதிராகச் செய்துகொண்டது. 1661-ல் அதைத் தூக்குப் போடுகிறவன் கையால் பகிரங்கமாக எரிக்க வைத்தார்கள். 1662-ன் சட்டம், அது தன்னைக் கட்டுப்படுத்தாது என்று குருமாரைக் கையெழுத்துப் போடச் சொன்னது. மறு வருஷமே ஒருவர், வாருங்கள் தேவனோடு உடன்படிக்கை செய்வோம், தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம் என்று அச்சிடுகிறார். நூலில் அரசியல் இல்லை. ஆனாலும் அந்தச் சொல்லைக் காதில் கேட்டவர்களுக்குச் சுட்டிருக்கும்.

13.01.2026

முதல் குறிப்பில் ‘ஐயர் சொன்னது தவறு’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அவசரப்பட்டுவிட்டேன்.

ஜோசப் அலைனின் ‘மனந்திரும்பாதவர்களுக்கு ஓர் எச்சரிக்கை’ என்ற நூல் அவர் இறந்த பிறகு, 1672 வாக்கில் அச்சானது. இருபதாயிரம் பிரதி விற்று, 1675-ல் வேறு தலைப்பில் ஐம்பதாயிரம் விற்றது என்பார்கள். நேற்று இரவு அதையும் வெஸ்லியின் 1780 நூலையும் கணினியில் இரண்டு சன்னலில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். உடன்படிக்கை வாசகம் அதேதான். கெட்ட குமாரனாக உம்முடைய வாசலில் விழுந்து கிடக்கிறேன் என்று தொடங்கும் அந்த நீண்ட ஜெபம் இரண்டிலும் இருக்கிறது. முடிந்த பிறகு வரும் அறிவுரையும் அதேதான்: இதை மனதால் மட்டுமல்ல, வாயாலும் சொல்லுங்கள். வாயால் மட்டுமல்ல, எழுத்திலும் எழுதி, அந்தத் தாளைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வையுங்கள்.

அச்சேறிய வரிசையில் ரிச்சர்ட் முந்தி. ஆனால் முதலில் அச்சானது முதலில் எழுதியதாகிவிடாது. ஜோசப் 1668-லேயே காலமாகிவிட்டார், எழுதியது அதற்கும் முன்னால். ஜோசப்பின் மனைவி தியோடோசியா, ரிச்சர்டின் மகள். மாமனார், மருமகன். வெளியேற்றப்பட்ட இரண்டு குருமார், ஒரே மாவட்டம், ஒரே குடும்பம். கையெழுத்துப் பிரதி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்? நூலின் அமைப்பைப் பார்த்தால் எனக்கு ஒரு பதில் கிடைக்கிறது. ஜோசப் தன் நூலில் படிப்படியாக வழி சொல்கிறார்: பாவங்களை விட்டுவிடு, தேவனை உன் பங்காகத் தெரிந்துகொள், கிறிஸ்துவை அவருடைய எல்லா உத்தியோகங்களோடும் ஏற்றுக்கொள், உன்னை ஒப்புக்கொடு, அவருடைய கட்டளைகளைத் தேர்ந்துகொள், பிறகு எல்லாவற்றையும் உடன்படிக்கையாக முடி. உடன்படிக்கை வாசகமும் ஏறக்குறைய இதே வரிசையில் நடக்கிறது: பாவத்தைத் துறத்தல், தேவன் என் பங்கு, கிறிஸ்து தீர்க்கதரிசி, ஆசாரியர், ராஜா, பிறகு கட்டளைகள். படிகளைக் கட்டியவரே வாசலையும் வைத்த மாதிரி இருக்கிறது. ரிச்சர்டின் படிகள் வேறு: நித்தியத்தை மனதில் நிறுத்து, தேர்ந்தெடு, கிறிஸ்துவோடு கப்பல் ஏறு, உன்னைக் கையளி, உடன்படிக்கை செய். அந்த அழகான கப்பல் உவமைக்கு வாசகத்தில் எதிரொலியே இல்லை.

அதனால் என் முடிவு: உடன்படிக்கை வாசகம் மருமகனுடையது, அதற்கு அழைக்கும் உரை மாமனாருடையது. வெஸ்லி மாமனாரின் நூலைப் படித்தார், மாமனாரின் பெயரைச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நூல் வந்து 92 வருஷம் கழித்துப் பேசுகிறவர்.

அப்போ, இப்போது நாம் சொல்லும் ‘நான் இனி என்னுடையவன் அல்ல, உம்முடையவன், உமக்குச் சித்தமானதில் என்னை வையும், சித்தமானவர்களோடு என்னைச் சேரும்’ என்ற பகுதி? அதன் வேர் ரிச்சர்டின் அழைப்பு உரையில், கையளிக்கும் பகுதியில் இருக்கிறது. அதை ஜெபமாகச் சுருக்கி இன்றைய வடிவம் கொடுத்தது 1936-ன் மெதடிஸ்ட் ஆராதனை நூல். 1947-ல் மெதடிஸ்டுகள் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தபோது உடன்படிக்கை ஆராதனையும் கூடவே வந்தது.

ஆக, உங்கள் அப்பாவும் சரி, ஐயரும் சரி. இருவரும் ஆளுக்கு ஒரு பாதியைச் சொல்லியிருக்கிறார்கள்.

15.01.2026, பொங்கல்

இப்படிப்பட்ட ஒருவர் நம் பக்கம் வந்ததுண்டா என்ற கேள்விக்கு: வந்தார். சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பாதிரியாராக இருந்த பாட்ரிக் வார்னர். கம்பெனி ஆட்களின் குடியையும் சூதாட்டத்தையும் கண்டித்து 1676 ஜனவரியில் லண்டனுக்கு எழுதிய கடிதத்தால் சென்னை வரலாறு படிப்பவர்களுக்குத் தெரிந்த பெயர். அவர் ஸ்காட்லாந்துக்காரர், பிரஸ்பிட்டேரியன் (பேராயர் ஆட்சி இல்லாத சபைமுறையைச் சேர்ந்தவர்). ஊர் திரும்பி, பின்னாளில் இர்வின் நகரக் குருவானவர் ஆனார். கோட்டை வரலாற்றில் ஒரு கடிதத்தோடு மறைந்துவிடுகிறவரும் இர்வின் குருவானவரும் ஒரே ஆள் என்று சேர்த்துப் பார்க்க உதவுவது அவருடைய மருமகன், ஸ்காட்லாந்து சபை வரலாற்றாசிரியர் ராபர்ட் உட்ரோ. இங்கேயும் மாமனார், மருமகன்.

18.01.2026

ஜோசப்பைப் பற்றி ஒன்று மட்டும். மனைவி தியோடோசியா எழுதிய நினைவுக்குறிப்பில் உள்ளது.

ஜோசப் காலை நாலு மணிக்கு எழுந்து எட்டு மணிவரை ஜெபத்தில் இருப்பார். தெருவில் கொல்லரோ செருப்புத் தைப்பவரோ தனக்கு முன்னால் எழுந்து தட்டும் சத்தம் கேட்டால் மனம் நொந்துபோவார். என் எஜமான் அவர்களுடைய எஜமானைவிடக் குறைந்தவரா, இந்தச் சத்தம் என்னை வெட்கப்படுத்துகிறதே என்பார். வெளியேற்றப்பட்ட பிறகும் பிரசங்கிப்பதை நிறுத்தவில்லை. 1663 மே மாதம் இல்செஸ்டர் சிறை, ஒரு வருஷம். 1665-ல் மறுபடி சிறை. உடம்பு தேறவே இல்லை. 1668 நவம்பரில் போய்விட்டார். தியோடோசியா வீட்டிலேயே பள்ளி நடத்தியவர், அந்த வருமானத்தில்தான் வீடு ஓடியது. கணவரைச் சுத்தியல் சத்தத்தோடு நமக்குக் காட்டியவரும் அவர்தான். இந்த ஜெபத்தைப் பற்றிப் பேசுகிற யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, நானும் மலரில் சொல்லவில்லை.

19.01.2026

அடுத்த வருஷத் துண்டறிக்கைக்கு இரண்டு வரி கேட்டீர்கள். இப்படிப் போடலாம்:

“உடன்படிக்கைக்கு அழைக்கும் உரை: ரிச்சர்ட் அலைன், பேட்கம்ப் (1681-ல் மறைந்தார்). பழைய உடன்படிக்கை வாசகம்: அவருடைய மருமகன் ஜோசப் அலைன், டாண்டன் (1634–1668) எழுதியதாகக் கருதப்படுகிறது. இருவரும் 1662-ல் ஊழியத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். வெஸ்லி 1755-ல் ஆராதனையாக்கினார்.”

‘கருதப்படுகிறது’ என்ற சொல்லை எடுத்துவிட வேண்டாம். இடம் போதவில்லை என்றால் வெஸ்லி வரியை எடுங்கள், அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆசிரியைக்கும் நேற்று இதை வாசித்துக் காட்டினேன். வருஷங்களைக் கழித்துப் பார்த்துவிட்டு, இந்த முறை சரி என்றார்.